மாவு பொங்கும், கார் நிற்கும்

தோசை மாவு வியாபாரத்தில் முதலாளி மாவுதான்; அது பொங்கும் நேரத்துக்கு நாம் ஓடவேண்டும், நம் நேரத்துக்கு அது பொங்காது.

பழைய காரை நம்பிப் பிழைக்கும் சக நோயாளிகளே, இது உங்களுக்காக எழுதுவது. புதுக் கார் வைத்திருப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் பரமேஸ்வரி. சுங்கைப் பட்டாணி, பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறேன். முதல்நாள் சாயங்காலமே மாவரைத்து வைத்துவிட்டு, காலை ஆறரைக்கு வாளிகளைக் காரில் ஏற்றுவேன். முதலில் மெர்போக்கில் லெட்சுமி அக்காவின் மளிகைக் கடை, கடைசியாக, ஆறு கடலில் சேரும் மீனவர் ஊரான தஞ்சோங் டாவாயில் ஜமால் பாயின் சாப்பாட்டுக் கடை. நான் அரைக்கும் மாவில் பாதி பாய் கடைக்கே போகிறது. படகிலிருந்து மீனை இறக்கிவிட்டு ஆட்கள் பசியோடு வந்து உட்காருவது எட்டு மணிக்கு. அதற்குள் மாவு அங்கே இருக்கவேண்டும்.

இதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பழுது கண்டுபிடிக்கும் மேசையில் இருந்தேன். ஐம்பது தாண்டியவர்களையெல்லாம் ஒருநாள் கூப்பிட்டு, கேக் வெட்டி, கைதட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த ஆறு மாதம் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட மோசமான காலம் கிடையாது. யாரும் திட்டவில்லை, யாரும் தேடவும் இல்லை. மாவும், எங்கள் ஊர்ப் பேச்சில் 'காடி' என்கிற இந்த முப்பது வயது காரும்தான் என்னை அங்கிருந்து எழுப்பின. அதனால் கார் நின்றால் எனக்கு வியாபாரம் மட்டும் நிற்பதில்லை, அந்த சோபா ஞாபகத்துக்கு வந்துவிடும்.

முதல் தடவை

ஆயுதபூஜை முடிந்து இரண்டாவது வாரம். லெட்சுமி அக்கா கடையில் மாவை இறக்கிவிட்டு, மெர்போக்கைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. பிறகு இரண்டு குலுக்கல், அவ்வளவுதான். சாவியைத் திருகினால் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

கால்மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. அதற்குள் காலை வெயில் கண்ணாடி வழியாக வாளிகளின்மேல் விழுந்து, மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பின்சீட்டில் இறங்கிவிட்டது. வழித்து வழித்து உள்ளே போட்டதில் என் முழங்கை வரை மாவு. பாய் கடை வாசலில் போய் நின்றபோது அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, நான் மாவுதானே கேட்டேன். காடிக்கே மாவு பூசி எடுத்துட்டு வரச் சொல்லலையே."

ஆறு டாக்டர்கள்

அதே வாரத்தில் இன்னும் மூன்று தடவை நின்றது. ஒருநாள் திரும்பி வரும்போது, வீட்டுக்கு அருகிலேயே, காப்பிக்கடை முன்னால். நின்ற கார் மாதிரி ஆண்களைக் கூட்டும் பொருள் வேறெதுவும் இல்லை. ஆறு பேர் பானெட்டுக்குள் தலையை விட்டார்கள். ஒருவர் பிளக் என்றார், ஒருவர் காயில், ஒருவர் கார்புரேட்டர், ஒருவர் பேட்டரி. ஐந்தாமவர், நான் கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவதாகச் சொன்னார். நான் ஓட்டி அவர் பார்த்ததே இல்லை.

ஆறு பேரில் ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எத்தனை நிமிஷம் ஓடிய பிறகு நிற்கிறது? சூடாக இருக்கும்போதா? மறுபடி எப்போது எழுந்திருக்கிறது? எங்கள் மேசையில் ஒரு பலகை பழுதென்று வந்தால் முதலில் இதைத்தான் கேட்போம், பிறகுதான் தொடுவோம். ஆறாமவர் என் பக்கத்து வீட்டு மணியம் அண்ணன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காரைத் தள்ளி வீட்டில் விட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"முப்பது வருசம் ஓடிருச்சு தங்கச்சி, போதும். வைத்தியம் பாக்காத, பழைய இரும்புக்காரனுக்குப் போன் போடு."

மூன்றில் ஒன்று

போதும் என்று சொல்லி என்னையே ஒருதடவை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. காரையும் அனுப்பச் சொன்னால் எனக்குக் கோபம் வராதா? மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நல்லவர்தான். பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். மூன்றையும் ஒரே மத்தியானத்தில். வாசலில் வைத்து ஓட்டிக்காட்டினார், குயில் மாதிரி ஓடியது. மறுநாள் மெர்போக் ஏற்றத்தில் அதே இடத்தில் நின்றது.

திரும்பிப் போய், "தம்பி, மூணையும் ஒண்ணா மாத்தினா, எது கோளாறுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியபின் சோதித்துப் பார், பிறகுதான் அடுத்தது. இது எங்கள் மேசையில் சுவரில் ஒட்டியிருந்த விதி. அவருக்கு அந்தச் சுவரைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை.

"அந்த மூணுல ஒண்ணா இருக்கும் லா அக்கா. இல்லன்னா வேற ஒண்ணா இருக்கும்."

வீட்டில் நல்ல பிள்ளை

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். சமையலறையில் தினம் கிழிக்கும் நாட்காட்டித் தாள்களைச் சேர்த்துவைத்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எங்கே இழுவை குறைந்தது, எங்கே நின்றது, எத்தனை நிமிஷத்தில் மறுபடி பிடித்தது. முன்பக்கம் நல்ல நேரம், பின்பக்கம் என் கெட்ட நேரம்.

ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். சூடேறினால் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். என் வீட்டுக்காரர் சேகர் ஸ்டூலைப் போட்டுக் காவல் உட்கார்ந்தார். அவர் உத்தியோகமே காவல்தான், ஒரு பாங்குக் கட்டடத்தில். ஒரு மணி நேரமும் கார் அசையவில்லை, முனகவில்லை, அருமையாக ஓடியது. சூடு காரணமில்லை என்று தாளில் எழுதினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மணியம் அண்ணனுக்கு வேறு கணக்கு.

"வீட்டுல நிக்காத காடி ரோட்டுல நிக்குதுன்னா, கோளாறு காடியில இல்ல தங்கச்சி. ஓட்டுறவங்ககிட்ட."

ஈரச் சாக்கு

அடுத்த தடவை நின்றபோது யாரும் கூடுவதற்கு முன் நானே பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் போகும் வழியில் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும், உள்ளே பெட்ரோல் ஆடுவது வெளியே தெரியும். அது காலியாக இருந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோலே வந்து சேரவில்லை. பிளக் டாக்டரும் காயில் டாக்டரும் பேட்டரி டாக்டரும் அந்த நிமிஷமே வீட்டுக்குப் போனார்கள்.

பெட்ரோல் ஏன் வரவில்லை? எஞ்சின் நன்றாக ஆறியபின் வீட்டில் பம்ப்பின் குழாயைக் கழற்றி, ஒரு போத்தல் பெட்ரோலில் விட்டு இழுக்கவிட்டேன். கடகடவென்று இழுத்தது. பம்ப் நல்லது. அடுத்த நாள் டாங்கிக்குப் போகும் குழாயில் சைக்கிள் பம்ப்பை வைத்து அடித்தேன். பின்னால் டாங்கிக்குள் குளுகுளுவென்று சத்தம். குழாயில் அடைப்பில்லை. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது, வழி திறந்திருக்கிறது, பம்ப் இழுக்கிறது, ஆனால் பெட்ரோல் வரவில்லை. தொழிற்சாலையில் எங்களை அழவைக்கும் பழுது இதுதான்: ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் பாஸ், சேர்த்துவைத்தால் பெயில். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இவ்வளவு நேரமும் தீப்பிடித்தால் போர்த்துவதற்கு ஈரச் சாக்கோடு தள்ளி நின்ற சேகர் மெதுவாகக் கேட்டார்.

"ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சா? சாக்கைக் கீழ வைக்கலாமா?"

முழு டாங்கி

சேகருக்கு என்மேல் இரக்கம் வந்தால் ஏதாவது செய்துவிடுவார். டாங்கி எப்போதும் அரைக்குக் கீழே கிடப்பதால்தான் பெட்ரோல் வரவில்லை என்று அவரே முடிவு செய்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை கார் மெர்போக் வரைகூடப் போகவில்லை, பீடோங்கிலேயே நின்றது. கால்மணி நேரம் கழித்து எழுந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. நாட்காட்டித் தாளில் எழுதிவிட்டு இரண்டுதடவை படித்துப் பார்த்தேன். பெட்ரோல் குறைவாக இருந்தால் தூரம் போகிறது, நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

பாய் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே கால். மீன்காரர்கள் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாய் சத்தம் போடும் ஆள் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். கல்லாவிலிருந்து எழுந்து வந்து, என் கையிலிருந்த வாளியை வாங்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு மாவு இல்லன்னா, நான் டவுன்ல இருந்து வேன்ல வர்ற மாவை எடுத்துக்கிறேன்க்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

இரண்டாவது ஓட்டை

பாய் கடையை இழந்தால் மீதி மாவுக்காக இவ்வளவு தூரம் ஓட முடியாது, சோபாதான் கதி. பாய் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தானே தே தாரிக், அதாவது நுரைக்க நுரைக்க இழுத்த டீ, ஆற்றப் போனார். புதுப் பால் டின்னை எடுத்து, கத்தி முனையை வைத்து ஒரு குத்து. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குத்து. கவிழ்த்ததும் பால் கம்பியாக இறங்கியது.

வாழ்நாள் முழுக்கப் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. "பாய், பால் ஊத்த ஒரு ஓட்டை போதாதா?" என்றேன். இவளுக்கு மூளை குழம்பிவிட்டதென்று அவர் நினைத்திருக்கவேண்டும். என் பக்கத்தில் கோப்பையை வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஒரு ஓட்டை போட்டா ரெண்டு சொட்டு வந்து நின்னுரும்க்கா. வெளிய போற பாலுக்குப் பதிலா உள்ள காத்து போகணும்ல?"

சந்தனம்

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து காருக்கு ஓடினேன். டாங்கியின் மூடியைத் திருகியதும் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். வெளியே இருந்து காற்றை உறிஞ்சுகிற சத்தம். பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காற்று வரவில்லை. பம்ப் இழுத்து இழுத்துக் கடைசியில் தோற்றுவிடுகிறது. நின்றபின் எங்கோ இடுக்கில் மெல்லக் காற்று புகுந்து, கால்மணி நேரத்தில் மறுபடி உயிர் வருகிறது. டாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே குறைவு, அதனால் சீக்கிரம் நிற்கிறது. வாசலில் சும்மா ஓடும்போது குடிப்பது கொஞ்சம், அதனால் நிற்கவில்லை. தாள்களில் எழுதியவையெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

என்னுடையது மாதிரி பழைய கார்களில் அந்த மூடியில் காற்றுக்காக ஒரு பொடி ஓட்டை இருக்கும். அதைத் தேடினேன். ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில், வெயிலில் சுண்டிக் கல்லாகிப்போன சந்தனம். அதன்மேல் குங்குமம். சந்தனத்தின் மேல் இன்னொரு சந்தனம்.

ஒப்புக்கொள்கிறேன். வைத்தது நான்தான். வழக்கமாக ஆயுதபூஜைக்கு பானெட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நாலு டயருக்கும் பொட்டு வைப்பேன். இந்த வருஷம், காருக்குச் சோறு போகிற வாயை விட்டுவிடுகிறோமே என்று பெட்ரோல் மூடிக்கும் ஒன்று தாராளமாக வைத்தேன். கார் நிற்க ஆரம்பித்ததும் பயந்துபோய் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்னொன்று வைத்தேன். கார் நிற்க நிற்க நான் பொட்டு வைத்தேன், நான் பொட்டு வைக்க வைக்க கார் நின்றது. சேகர் பெட்ரோல் ஊற்றப் போனபோது அதைப் பார்த்தாராம். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அழியாமல் பத்திரமாக மூடிவிட்டு வந்தாராம். திரும்பும் வழியில் லெட்சுமி அக்கா கடையில் ஒரு ஈர்க்குச்சி வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து ஓட்டையைக் குத்திச் சுரண்டினேன். மறைப்பானேன் என்று கதையையும் சொன்னேன். அக்கா சிரித்து முடிக்க வெகுநேரமானது.

"பொட்டை நெத்தியில வை பரமு. மூக்குத் துவாரத்துல வச்சா சாமியே வந்து ஓட்டினாலும் காடி நிக்கும்."

வேண்டுமென்றே

கார் வீடு வரை நிற்காமல் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. நிற்காமல் வந்தது ஓட்டை திறந்ததாலா, இல்லை தற்செயலா? திங்கட்கிழமையை வைத்துச் சூதாட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சேகரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூடியின் ஓட்டையில் கெட்டியாகப் பிசைந்த அரிசிமாவை நானே அப்பினேன். வேறொன்றையும் தொடவில்லை. பீடோங்கைத் தாண்டியதும் இழுவை குறைந்து, குலுங்கி, நின்றது. இறங்கிப் போய் மாவைச் சுரண்டி எடுத்தேன், 'ஸ்ஸ்ஸ்' என்றது. ஏறிச் சாவியைத் திருகினேன், உடனே பிடித்தது.

நடுரோட்டில் எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஆறு டாக்டர்களையும் அந்த இடத்துக்கு வரவழைத்து வரிசையாக நிறுத்தவேண்டும் போல இருந்தது. கேக் வெட்டி அனுப்பியவர்களையும் கூடவே. பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்க, சேகர் கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா ஓடுற காடியை வேணும்னே நிப்பாட்டிட்டு இப்படிச் சிரிக்கிற பொம்பளைய நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

திங்கட்கிழமை

டாங்கியை மறுபடி விளிம்புவரை நிரப்பினேன், வேண்டுமென்றே. காலையில் வாளிகளை ஏற்றும்போது மணியம் அண்ணன் மதிலருகே வந்து, பழைய இரும்புக்காரன் நம்பரைச் சீட்டில் எழுதி நீட்டினார். நன்றி சொல்லி வாங்கி, அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு வாளி மூடிக்கு முட்டுக் கொடுத்தேன். காருக்கும் புதுப் பொட்டு வைத்தேன், நடு பானெட்டில்.

பீடோங் போனது. மெர்போக் போனது. அந்த ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன், கார் ஏறியது. கழிமுக வாடை மூக்கில் பட்டபோது ஏழரைகூட ஆகவில்லை. பாய் கடை ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. வேனில் வரும் மாவு வாசலில் இல்லை. மூன்று தடவை ஹாரன் அடித்தேன். அவசரமில்லாத ஹாரன்தான், ஆனால் எனக்கு அடிக்கவேண்டியிருந்தது. பாய் கைலியை இறுக்கிக்கொண்டு குனிந்து வெளியே வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு வாளிகளையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு வாளி கூடக் கொண்டாங்கக்கா. ஹாரனை மட்டும் வீட்டுல வச்சிட்டு வாங்க."

ஆகவே சக நோயாளிகளே, முப்பது வயது காரோ ஐம்பது தாண்டிய பெண்ணோ நடுவழியில் நின்றால், போதும் என்று வழியனுப்புவதற்கு முன்னால் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒருதடவை மூடியைத் திறந்து பாருங்கள்.